பதினாறு மீட்டரில் சிவப்பு

கார் டிக்கியில் துண்டை விரித்து
போனைப் பெட்டிக்குள் கிடத்துகிறேன்.
ரப்பர் வளையத்தில் ஒரு முடி கிடந்தால் போதும்,
கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்;
பிறகு வங்கி, தொடர்புகள், மூன்று வருடப் படங்கள்
எல்லாம் ஊறுகாய்.
கைப்பம்பால் காற்றை உறிஞ்ச உறிஞ்ச
சிவப்பு விளக்கு பச்சையாகிறது.
பச்சை என்றால் நம்பலாம்.
கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

மூடுகிற நேரம் பார்த்து டேமியன் அனுப்புகிறான்:
ஆலங்கட்டி மழை, நியூகாசில், நாற்பத்தொரு கார்,
திங்கள் காலைக்குள் பார்த்துச் சொல்.
இன்ஷூரன்ஸில் என் வேலை அது.
பள்ளம் விழுந்த பானெட்டைப் பெரிதாக்கி
இது மழை, இது சுத்தியல் என்று பிரிப்பது.
சுத்தியல் பள்ளத்துக்கு விளிம்பு கூர்மை.
மழைக்கு அவ்வளவு கோபம் கிடையாது.

நெல்சன் பேயில் ஏற்றம் முடிந்து நீர் நிற்பது
ஒரு முக்கால் மணிநேரம்.
அதற்குள் போய்வர வேண்டும்.
ஸ்டாவ்ரூலா முன்னால் இறங்குகிறாள்.
வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறவள்,
தண்ணீருக்குள்ளும் திரும்புமுன்
தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பாள்.
கையுறை மட்டும் போடமாட்டாள்.

தலை மூழ்கியதும் சிக்னல் போனது.
திரை தெரிகிறது, தொட முடியாது.
வெளியே இரண்டே பொத்தான்.
இவ்வளவு அடக்கமாக இந்தப் போன்
என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

ஐந்து மீட்டரில் சிவப்பு வெளிற ஆரம்பித்தது.
கடையில் குங்குமமாய் இருந்த என் துடுப்புக்கால்
பத்தில் பழம்புளி.
பதினாறில் கடற்பஞ்செல்லாம் சாம்பல்.
பாறையடியில் ஒரு வொபெகாங் சுறா
தாடியும் புள்ளியுமாக,
வீடு மாறும்போது யாரோ விட்டுப்போன கம்பளம்.
ஆறு படம் எடுத்தேன். மூன்றில் என் மூச்சுக்குமிழ்.
அது ஒருமுறை வாயை அசைத்தது.
ஏழாவது எடுக்கவில்லை.

முழங்கையைத் தட்டினாள் ஸ்டாவ்ரூலா.
பிடித்த பாறையில் சிப்பி இருந்திருக்கிறது.
ஆள்காட்டி விரலை நீட்டினாள்,
அதிலிருந்து பச்சை கிளம்பிக்கொண்டிருந்தது.
புகை மாதிரி, பாசி மாதிரி,
அவசரமே இல்லாத பச்சை.
முகக்கண்ணாடிக்குள் அவள் கண் சிரித்தது.
எடு, எடு என்று மறுகையால் காட்டினாள்.
எடுத்தேன்.

கரையில் பெட்டி
சின்னப் பெருமூச்சோடு திறந்தது.
கார் பார்க்கின் காற்றை அவ்வளவு ஆழம் கொண்டுபோய்
அங்கேயே திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.
பிளாஸ்டர் சுற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

படத்தில் ரத்தம் சிவப்பு.
விபத்துக் கோப்புகளில் வருகிற அதே சிவப்பு.
கடல் எடுத்துக்கொண்ட நிறத்தை
ஆப் கணக்குப் போட்டுத் திருப்பித் தந்துவிட்டது.
பின்னாலிருந்த பஞ்சுகூட நல்ல ஆரஞ்சு.

"பச்சை எங்கே?"
தேடினேன். அமைப்புகளில், குப்பைத்தொட்டியில்.
அசலைச் சேமிக்கும் பொத்தானை
நான் போடவே இல்லையாம்.
"ரத்தம் சிவப்புதானே?" என்றேன்.
"இப்போது சிவப்பு. அப்போது இல்லை."

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள்.
தீர விசாரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இரண்டு சாட்சிகள் ஒரே சொல் சொல்கிறோம்,
ஆதாரம் எங்களுக்கு எதிராக இருக்கிறது.
இப்படியொரு கோரிக்கை என் மேசைக்கு வந்திருந்தால்
இரண்டே நிமிடம்,
தள்ளுபடி.

சிக்னல் வந்தது.
நாற்பத்தொரு காரும் ஒவ்வொன்றாக இறங்கின.
ஈர விரலுக்குத் திரை வழிவிடவில்லை.
துடைத்துக்கொள் என்று துண்டை நீட்டினாள்.
அதன் ஓரத்தில்
பொட்டளவு சிவப்பு.